பரிசலில் இருந்த ஆள்

ஜன. 11, ஞாயிறு

பனி. எட்டு மணிக்கும் ஆற்றுத் திட்டு தெரியவில்லை. பொங்கலுக்கு ஒரு வாரம் லீவு போட்டு, நேற்றே ஓசூரிலிருந்து வந்துவிட்டேன்.

திட்டில் செபஸ்தியார் கோயிலைப் பழுதுபார்க்கிறார்கள். பலிபீடத்துக்குப் பின்னால் சுண்ணாம்பைச் சுரண்டினால், ஓவியம்! புயல். இயேசு தூங்குகிறார். சீடர்கள் அலறுகிறார்கள். படகு இல்லை, பரிசல். மூங்கில் பின்னல்கூடத் தெரிகிறது. முன்னால் கோவணத்தோடு ஒருவன் துடுப்புப் போடுகிறான், நாக்கைக் கடித்துக்கொண்டு. அப்பாவும் அப்படித்தான் கடிப்பார். தாத்தாவும்.

அப்பா ரொம்ப நேரம் பார்த்தார். "நம்ம ஆளு இது, கண்ணு."

ஒரு காலத்தில் ஊரே திட்டில்தான். வெள்ளத்துக்குப் பயந்து கரைக்கு வந்துவிட்டது. கோயில் மட்டும் அங்கே. அன்றிலிருந்து பரிசலில் ஆளை ஏற்றி இறக்குவது எங்கள் குடும்பம். மணி தந்தவர், பெஞ்சு தந்தவர் பெயரெல்லாம் கல்லில் உண்டு. எங்கள் பெயர் எங்கும் இல்லை. எங்களுக்கென்று அங்கே இருப்பது இவன் ஒருவன்தான்.

ஜன. 13, செவ்வாய்

வாங்க வேண்டியது: வெல்லம், கரும்பு, அம்மா மாத்திரை.

கோயில் கமிட்டித் தலைவர் சவரிமுத்து அண்ணனைப் பார்த்தேன். ஓவியத்தின் மேலேயே புதிதாக வரையப் போகிறார்களாம்.

"பைபிள்ல பரிசல் எங்கம்மா வருது? பாக்கறவன் சிரிப்பான். பெரிய கப்பலா போடச் சொல்லியாச்சு."

அந்த ஆளை மட்டுமாவது விட்டுவிடுங்கள் என்றேன்.

"ஏசுவுக்கு ஓட்டறதுக்கு ஆள் வேணுமா?"

சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்துத் தொலைத்தேன்.

அப்பாவிடம் "மெருகு போடறோம்" என்று சொல்லியிருக்கிறார்கள். பெயிண்ட் டப்பா, சாரத்துக்கு மூங்கில், பெங்களூர் பெயிண்டர், எல்லாம் அப்பா பரிசலில்தான் போயிற்று. டப்பா சாயாமல் காலால் அணைத்துப் பிடித்திருந்தார். கப்பல் விஷயத்தை நான் அவரிடம் சொல்லவில்லை.

ஜன. 16, வெள்ளி

அப்பா பார்த்துவிட்டார். நீலக் கடல், வெள்ளைக் கப்பல். அவன் இல்லை.

"உனக்கு முன்னாடியே தெரியுமா?"

தெரியும் என்றேன். சாப்பிடாமல் படுத்துவிட்டார்.

ஜன. 18, ஞாயிறு

திருவிழா. நல்ல வெயில். இருக்கிற ஒரே பரிசலில் மொத்தக் கூட்டத்தையும் நடை நடையாக அப்பாதான் கொண்டுபோய் விட்டார்.

சாயங்காலப் பூசை முடிந்து சாமியார் ஓவியத்தைத் தீர்த்தம் தெளித்து மந்திரித்தார். ஸ்பீக்கர் சத்தம் கரைவரை. தலைவருக்கு நன்றி, பெயிண்டருக்கு நன்றி, சீரியல் லைட் போட்டவருக்கு நன்றி. கைதட்டல்.

அப்பா கேட்டுக்கொண்டே பரிசலைக் கரையில் இழுத்துக் கவிழ்த்தார். கால் கழுவினார். சோறு போடச் சொன்னார்.

இருட்டுகிற நேரம் தலைவர் ஃபோன். "உங்கப்பா எங்கம்மா? அத்தன பேரும் இங்கயே நிக்கறோம்!"

அப்பாவிடம் நீட்டினேன். வாங்கவில்லை.

"கப்பல்ல வரச் சொல்லு."

குழம்பு இன்னும் கொஞ்சம் கேட்டார். ஊற்றினேன்.