இரண்டாவது ஜாமீன்தாரர்

அன்பு மகளுக்கு உன் சித்தப்பா எழுதுவது. இங்கே எனக்கும் உன் சித்திக்கும் உடம்புக்கு ஒரு குறையும் இல்லை, மனதைப் பற்றிக் கேட்காதே. அங்கே நீயும் மாப்பிள்ளையும் குழந்தையும் சுகமாக இருக்க வேண்டும், ஈரத் தலையோடு குளிரில் வேலைக்கு ஓடாதே.

உன் தம்பி இன்னும் உள்ளேதான் இருக்கிறான். பட்டறை மேஸ்திரியின் கையை உடைத்த வழக்கில் போன திங்கட்கிழமையே ஜாமீன் கிடைத்துவிட்டது, அப்புறம் ஏன் வெளியே வரவில்லை என்று நீ போனில் கத்தியது நியாயம்தான். கட்டணம் வாங்கிக்கொண்டு ஜாமீன் போடும் கம்பெனி அங்கே தெருவுக்குத் தெரு இருக்கிறது, இங்கேயும் ஒன்றைப் பிடியுங்கள், பணம் அனுப்புகிறேன் என்றாய். இங்கே அப்படிக் கடை திறக்கச் சட்டத்தில் இடமில்லை அம்மா, திறந்தால் திறந்தவனுக்கே ஜாமீன் தேட வேண்டியிருக்கும். சொந்த வீடு உள்ள இரண்டு பேர் வரி ரசீதோடு நீதிபதி முன் நின்று, இவன் வாய்தாவுக்குத் தவறாமல் வருவான், வராவிட்டால் நாங்கள் பொறுப்பு என்று கையெழுத்துப் போட வேண்டும். கூலிக்கு நிற்கிற ஆள் என்று சந்தேகம் வந்தாலே தள்ளிவிடுவார்கள்.

இரண்டு பேர் என்ன, இருநூறு பேரைக் கொண்டுவந்து நிறுத்துகிறேன் என்று வக்கீலிடம் சொன்னேன். தினமும் என்னோடு டீ குடிக்கிற கூட்டம் உனக்குத் தெரியுமே, ஒருவனுக்கு மூட்டுவலி, ஒருவனுடைய ரசீதை எலி கடித்துவிட்டதாம், மளிகைக்காரர் என் குரலைக் கேட்டதும் மூட்டைகளுக்கு நடுவே குனிந்து எதையோ தேட ஆரம்பித்தார், நான் கிளம்புகிறவரை அது அகப்படவில்லை. வந்தவர் தையல்காரர் ஒருவர்தான். உன் பள்ளிச் சீருடையைக் குட்டையாகத் தைத்துவிட்டார் என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்தேனே, அவரேதான், கடையைப் பூட்டிவிட்டு வந்தார்.

இன்னொரு ஆள் நான். நான் கோர்ட்டுக்குள் நுழைந்த தோரணையைப் பார்த்து நீதிபதி எழுந்து நிற்காத குறைதான். தையல்காரரிடம் இரண்டே கேள்வி கேட்டு ஏற்றுக்கொண்டார். என்னிடம், இதற்கு முன் யாருக்காவது ஜாமீன் நின்றதுண்டா என்று கேட்டார். இல்லை என்றிருந்தால் முடிந்திருக்கும், அதுதான் உண்மையும்கூட. அத்தனை பேர் நடுவில் இல்லை என்று சொல்ல நாக்கு எழவில்லை. “ஐயா, இந்த ஊர்ல பாதிப் பேருக்கு நான்தான் ஜாமீன்” என்றேன். அவர் பேனாவைக் கீழே வைத்தார். “அப்போ இதுதான் உங்க தொழிலா?” என்றார். வக்கீல் என் சட்டையைப் பிடித்து இழுத்தார், நான் அதற்குள் இன்னும் நாலு பேரைச் சேர்த்துவிட்டேன். ரசீதைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். அதெல்லாம் பொய் ஐயா, ஒருத்தருக்கும் நின்றதில்லை என்று கெஞ்சினேன், என் வாழ்க்கையில் அந்த ஒன்றைத்தான் யாரும் நம்பவில்லை.

இந்த வியாழக்கிழமை உன் சித்தியின் தம்பி வந்து நிற்கிறான். கேட்டாலும் வாய் திறக்காதவன், ஊமைக்கோட்டான் என்று நான் பெயர் வைத்தேனே, அவன். நேற்று ஜெயிலுக்குப் போய் உன் தம்பியிடம் இதைச் சொன்னேன். கம்பிவலைக்கு அந்தப் பக்கம் இளைத்துப் பாதி ஆளாக நின்றான். “சித்தப்பா, அன்னைக்கு நீங்க கோர்ட்டுக்கு வராதீங்க” என்றான். கோபமாகச் சொல்லியிருந்தால் நானும் பதிலுக்கு நாலு வார்த்தை பேசியிருப்பேன். மெதுவாகச் சொன்னான்.

அவன் வெளியே வந்ததும் ஒரு வாய்தாவும் தவறக்கூடாது என்று நீதான் சொல்ல வேண்டும், இரண்டு பேர் வீடு அவனை நம்பி நிற்கிறது, இனி நான் சொல்வது எடுபடாது. குழந்தைக்கு என் முத்தம், நீங்கள் மூவரும் நூறாண்டு நிறைவாக வாழ வேண்டும். வியாழன் மதியம் மறக்காமல் வீட்டுக்குப் போன் செய். சித்தியும் கோர்ட்டுக்குப் போய்விடுவாள், நான்தான் எடுப்பேன்.

இப்படிக்கு
உன் சித்தப்பா