குப்பைப் பெட்டியில் கிடந்த பதினாறு கடிதங்கள்

கங்கசாலா
மே 15, 2007

அன்பு மகள் ஹில்லாவுக்கு அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம், அங்கே நீயும் மாப்பிள்ளை கைலும் குழந்தையும் சுகமாக இருக்க வேண்டும். குழந்தை என்று இப்போதுதான் முதல்முறையாக எழுதுகிறேன் ஹில்லா. உனக்குப் பிப்ரவரியில் பெண் பிறந்தது எங்களுக்கு நேற்றுக் காலை பத்து மணிக்குத்தான் தெரியும். நீ நம்பமாட்டாய், ஆனால் முழுதாகப் படித்துவிட்டுக் கிழித்துப் போடு.

ஞாயிற்றுக்கிழமை அன்னையர் தினம், பசுமைக்குடிலில் நிற்க நேரமில்லை, ரோஜாத் தொட்டி எல்லாம் மதியத்துக்குள் தீர்ந்துவிட்டது. நேற்றுக் காலையில் தேவாலய அலுவலகத்து ஐரா சைக்கிளை வாசலில் சாத்திவிட்டு நேராக வந்து, "ஏன் ரௌனோ, முப்பது தொட்டி கேட்டு மின்னஞ்சல் போட்டேனே, ஒரு பதிலும் இல்ல, ஒரு பூவும் இல்ல. அத்தன அம்மாமாருக்கும் வெறும் காபிய ஊத்திக் குடுத்து அனுப்பினோம்" என்று பிடித்துக்கொண்டாள். என் கணினியில் எதுவும் தொலையாது என்று நானும் விட்டுக்கொடுக்காமல் பேசினேன். பேசிக்கொண்டே அவள் கண்முன்னால், வேண்டாத மின்னஞ்சல்கள் தானாகப் போய் விழும் அந்தக் குப்பைப் பெட்டியைத் திறந்தேன். அதைத் திறந்து ஒரு வருடத்துக்கு மேல் இருக்கும். ஐராவின் அஞ்சல் மேலேயே இருந்தது. கீழே இறங்க இறங்க உன் பெயர், உன் பெயர், உன் பெயர்.

எப்படி இது நடந்தது என்று இராத்திரி முழுக்க யோசித்துக் கண்டுபிடித்துவிட்டேன், சொல்ல வெட்கமாக இருக்கிறது. நம் வாடிக்கையாளர்களில் பாதிப்பேர் அரதப்பழசான மின்னஞ்சல் நிரல்களை வைத்திருப்பவர்கள், நம் விளம்பரம் அவர்களுடைய குப்பைப் பெட்டியில் விழுந்துவிடக் கூடாது என்று நான் பட்ட பாடு உனக்குத் தெரியும். தலைப்பில் ஆச்சரியக்குறி போடக் கூடாது, இலவசம் என்று எழுதக் கூடாது, பெரிய படத்தை வைத்து இரண்டு வரியோடு நிறுத்தக் கூடாது, எங்கள் முகவரியை உங்கள் முகவரிப் புத்தகத்தில் சேர்த்துக்கொள்ளுங்கள் என்று ஒவ்வொரு அஞ்சலின் அடியிலும் கெஞ்ச வேண்டும். போன வருடம் வியாபாரிகள் சங்கத்தில் இதையெல்லாம் பாடமே எடுத்தேன், கை தட்டினார்கள். சோதித்துப் பார்க்க நானும் அதே பழைய நிரலை வைத்துக்கொண்டு, காசில்லாமல் கிடைக்கும் ஒரு முகவரியிலிருந்து வேண்டுமென்றே மோசமான அன்னையர் தின விளம்பரங்களை எனக்கே அனுப்புவேன். "அன்புள்ள அம்மா!!!" என்று தலைப்பு, ஒரு பெரிய படம், இரண்டே வரி. வந்த ஒவ்வொன்றையும் இது குப்பை, இது குப்பை என்று அந்த நிரலுக்குச் சொல்லிக் கொடுத்தேன், நூற்றுக்கணக்கில். அது நன்றாகவே படித்துக்கொண்டது. நீ பல்கலைக்கழக வேலையை விட்டு, அதே மாதிரி ஒரு முகவரிக்கு மாறி, ஜூலையில் "அன்புள்ள அம்மா!!! பெரிய செய்தி!" என்று வயிற்றில் கை வைத்த படத்தோடு அனுப்பியிருக்கிறாய். அதையும், அதற்குப் பிறகு நீ அனுப்பிய எல்லாவற்றையும், அது குப்பை என்றே தள்ளிவிட்டது. மூவாயிரம் பேரிடம் என் முகவரியைச் சேர்க்கச் சொன்ன மடையன் என் மகளின் முகவரியைச் சேர்த்து வைக்கவில்லை. நீ எழுதியதற்கு அப்படியே பதில் போட்டுத்தானே எனக்குப் பழக்கம்.

அம்மாவைக் கூப்பிட்டேன். அவள் கை மண்ணோடு வந்து உட்கார்ந்து பதினாறையும் ஒன்றன்பின் ஒன்றாகப் படித்தாள். தொட்டிலில் கிடக்கும் குழந்தை படத்துக்கு வந்ததும், "தூலிக்கின்னு என் பேர வெச்சிருக்கா ரௌனோ. பேர வெச்சிட்டு, நாம ஏதாவது சொல்வோம்னு காத்திருக்கா" என்றாள். அப்புறம் குடிலுக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். நாற்பது வருடத்தில் அவள் சத்தம் போட்டு அழுது நான் கேட்டது நேற்றுத்தான்.

பத்து மாதம் ஏன் ஒரு போன்கூடப் போடவில்லை என்று நீ கேட்பாய். நாங்கள் உன்னைப் பற்றிப் பேசாத நாளில்லை. கிறிஸ்துமஸுக்கு உன் பழைய முகவரிக்கு அட்டை போட்டோம், பதில் வரவில்லை. நான் போனை எடுத்தபோதெல்லாம் அம்மா, "பேசணும்னு தோணினா அவளே பேசுவா, நச்சரிக்காதீங்க, அவளுக்கு நிம்மதி வேணும்" என்பாள். அவள் போனிடம் போனால் நான் அதையே சொல்லுவேன். சும்மா இருப்பவரைச் சும்மா விடுவதுதான் மரியாதை என்று நாமெல்லாம் வளர்ந்துவிட்டோம். நீ அங்கே தொண்டை கிழியக் கூப்பிட்டுக்கொண்டிருந்திருக்கிறாய், நாங்கள் இங்கே மரியாதை கொடுத்துக்கொண்டிருந்தோம்.

நேற்றே பதில் போட்டேன், அது உன் குப்பைப் பெட்டியில் விழுந்திருக்குமோ என்று பயமாக இருக்கிறது. உன் பழைய எண் வேலை செய்யவில்லை. உன் ஏழாவது அஞ்சலில் புது வீட்டு விலாசம் இருந்தது, அதனால்தான் இந்தக் காகிதம். விமானம் என்றாலே முகம் வெளுக்கும் அம்மா இன்று காலை ஹெல்சின்கிக்கு போன் போட்டு டிக்கெட் எடுத்துவிட்டாள். முப்பத்தொன்றாம் தேதி, உலகத்தின் மறுகோடியில், உங்கள் ஊர் டனீடனில் இறங்குகிறாள். கதவைத் திறக்காவிட்டால் படியிலேயே உட்கார்ந்துகொள்வாள், அவள் பிடிவாதம் உனக்குத் தெரியாததா. அங்கே குளிர்காலம் தொடங்குகிறது, குழந்தையின் தலையை மூடி வை, நீயும் வேளைக்குச் சாப்பிடு. கைலுக்கு எங்கள் அன்பு. நீங்கள் மூன்று பேரும் நோய்நொடி இல்லாமல் நன்றாக இருக்க வேண்டும்.

மார்ச் இருபத்தெட்டாம் தேதி, கடைசி அஞ்சலில், படம் எதுவும் வைக்காமல் ஒரே வரி எழுதியிருந்தாய். "அப்பா, நான் ஏதாவது தப்பு பண்ணிட்டேனா, ஆமா இல்லன்னு மட்டும் சொல்லுங்க, இனிமே எழுதித் தொந்தரவு பண்ணமாட்டேன்." ஏழு வாரம் கழித்துப் பதில் சொல்கிறேன்.

இல்லை, கண்ணே.

உன் அப்பா,
ரௌனோ