பூச்சியம் காட்டிய பச்சைத் திரை

நவம்பர் 11, செவ்வாய்

நிரலை ஓட்டாமலே படித்துப் பார்த்துப் பிழை சொல்லும் கருவி வேண்டும் என்று அலுவலகத்தில் கெஞ்சி வாங்க வைத்தவள் நான்தான்.

பேண்டேஜ் துணியை ஆவியில் சுத்தம் செய்யும் இயந்திரத்துக்கு நாங்கள் எழுதிய மென்பொருளைப் பார்க்க அதை வாங்கும் மில்லிலிருந்து நாளை வருகிறார்கள். காலையில் கருவி ஏகப்பட்ட எச்சரிக்கைகளைக் கொடுத்தது. பெரும்பாலும் அற்பம். ஒன்று மட்டும் அப்படி இல்லை.

"சூட்டை அளக்குற சென்சார் பேசாமப் போனா நம்ம புரோகிராம் கண்டுக்கிடாது, தம்பி. கடைசியா வந்த சூட்டையே காட்டும். சூடேறாத துணியும் பாஸ் ஆயிரும்" என்றேன் மேலாளர் கார்த்தியிடம்.

"சென்சார் ஏன்க்கா பேசாமப் போகுது? உங்ககிட்ட கோவிச்சுக்கிட்டா?"

எல்லோரும் சிரித்தார்கள்.

"புண்ணுல வைக்கிற துணி, தம்பி."

"பொறவு பாப்போம்க்கா. அவிய நாளைக்கு வாராவ. திரை எம்புட்டுச் செவப்பா இருக்கு பாருங்க."

எச்சரிக்கை வந்த நிரல் கோப்புகளைப் பார்க்காதே என்று கருவிக்கு ஒரு வரி எழுதிவிட்டு மறுபடி ஓட்டினான். திரை பச்சையானது. எச்சரிக்கை பூச்சியம்.

"அக்கா கொண்டாந்த டூலுக்கு ஒரு கை தட்டுங்கப்பா!"

தட்டினார்கள்.

ராஜபாளையத்தில் பஸ் ஏறி ஸ்ரீவில்லிபுத்தூர் வரும்வரை நாளைக்கான பதிலை மனசுக்குள் சொல்லிப் பார்த்தேன். மில்காரர்கள் கேட்டால் சொல்லிவிடுவேன், வேலை போனாலும். நானாகச் சொல்ல வாய் வருமா, தெரியவில்லை. அந்தக் கருவி இல்லாதிருந்தால் சந்தேகப்பட்டு இரண்டு கேள்வியாவது கேட்டிருப்பார்கள். பூச்சியத்தைக் காட்டிய பிறகு யார் கேட்கப் போகிறார்கள்?