மண்ணெண்ணெய் வாசமடிக்கும் ரம்பத் துண்டு

உன் மனைவி கொடுத்தனுப்பிய பொட்டலத்தைப் பிரிப்பதற்கு முன்பே வாசம் வந்துவிட்டது. மண்ணெண்ணெய். ரேஷன் கடையில் அதைக் கண்ணால் பார்த்தே எவ்வளவோ காலமாகிறது. நீ எங்கிருந்து வாங்கினாயோ. உன் மகன் வாசலில் நின்றபடியே, "இத உங்க கையில தான் குடுக்கணும்னு அப்பா சொல்லி வெச்சிருந்தாருங்களாம். என்னா இரும்புன்னு எங்களுக்குத் தெரியாதுங்க" என்றான். உள்ளே வந்து காபி குடித்துவிட்டுப் போகச் சொன்னேன். உன் முப்பதாம் நாள் பூசைக்கு ஆள் சொல்லப் போகவேண்டும் என்று கிளம்பிவிட்டான்.

செய்தித்தாளுக்குள் துணி. துணிக்குள் ஒரு சாண் நீளத்துக்குப் பட்டை ரம்பத்தின் துண்டு. ஒரு பொட்டு துரு இல்லை. ஒரு முனை உளியால் வெட்டியது, மறுமுனை தானாக அறுந்தது. பார்த்த உடனே தெரிந்துகொண்டேன். பாலக்கோடு மில்லில் மரம் தள்ளும் ஆள் மாதுவின் கையை எடுத்த ரம்பம் அது. கிணற்றில் போட்டுவிட்டேன் என்று என்னிடம் சொன்னாயே, அடப்பாவி, இத்தனை வருடமும் வீட்டிலா வைத்திருந்தாய்?

உன்னைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை எழுதலாம் என்று நான் உட்காரவில்லை. அதையெல்லாம் உன் கண்ணீர் அஞ்சலி போஸ்டரில் போட்டுவிட்டார்கள். கண்ணாடி போட்ட படம் வேறு. எனக்கு மனசு ஆறவில்லை. நீ இருக்கும்போது கேட்காமல் விட்டதை இப்போதாவது கேட்கிறேன்.

தருமபுரியில் அந்தத் தகரக் கொட்டகை நினைவிருக்கும். எண்பதுகளின் நடுவில் அரசாங்கம் நடத்திய ஆறு மாதப் பயிற்சி. மர மில்லில் பெல்ட் மாதிரி சக்கரத்தில் ஓடும் பட்டை ரம்பங்களைப் பராமரிக்க ஆள் பழக்குகிறார்கள் என்று கேள்விப்பட்டு வந்த பன்னிரண்டு பேரில் நீயும் நானும் பக்கத்துப் பக்கத்து மேசை. அரம் பிடிப்பது, பற்களை ஒன்று வலமும் ஒன்று இடமுமாக வளைத்து வைப்பது, அறுந்ததைப் பித்தளை வைத்து ஒட்டுவது எல்லாம் பிறகுதான். "மொதல்ல கீறலப் பாரு. அப்புறம் அரத்தத் தொடு" என்று சொல்லிச் சொல்லியே வாத்தியாருக்குத் தொண்டை கட்டிக்கொண்டது.

மண்ணெண்ணெயில் ரம்பத்தைக் கழுவிப் பிசினை எடுத்து, துணியால் அழுத்தித் துடைத்து, பற்களின் அடியில் சாக்பீஸைத் தேய்த்துவிட்டுக் காத்திருக்க வேண்டும். கீறல் இருந்தால் உள்ளே புகுந்த மண்ணெண்ணெய் மெல்ல ஊறி வெளியே வரும். வெள்ளைச் சாக்பீஸ் மேல் மயிரிழை மாதிரி ஓர் ஈரக் கோடு. சின்னக் கீறலென்றால் கோடு முடிகிற இடத்தில் பஞ்ச் என்கிற கூர் இரும்பை வைத்து ஒரு தட்டு தட்டினால் மேற்கொண்டு ஓடாது. பெரிய கீறலென்றால் அந்த இடத்தையே வெட்டி எறிந்துவிட்டு ஒட்ட வேண்டும். இவ்வளவுதான் வேலை. இதற்குப் பெரிய படிப்பு வேண்டாம். கண் வேண்டும்.

உனக்கு அந்தக் கோடு தெரியவில்லை. தூரத்தில் வருகிற பஸ்ஸின் போர்டை எனக்கு முன்னால் படித்துவிடுவாய். கையில் இருக்கும் டிக்கெட்டைப் படிக்க முடியாது. சேரும்போது கண் பார்த்த டாக்டர் சுவரில் தொங்கிய எழுத்துகளைத்தான் படிக்கச் சொன்னார், கடகடவென்று படித்துவிட்டு வந்துவிட்டாய். இரண்டாவது வாரமே நான் கண்டுபிடித்துவிட்டேன்.

"டேய், வெளிய சொல்லிக்கில்லிடாதடா" என்று கையைப் பிடித்துக்கொண்டாய். "கண்ணாடி போட்டவன எவன்டா ரம்பத்துக்கு வெப்பான்? வூட்ல வேற பொண்ணு பாத்துட்டு இருக்காங்க."

நான் சொல்லவில்லை. உன்னை எனக்கு அவ்வளவு பிடித்திருந்தது, அதையும் சொல்லிவிடுகிறேன். எனக்குக் காய்ச்சல் கண்டபோது பஸ் ஸ்டாண்டு வரைக்கும் தூக்கிக்கொண்டு போனவன் நீ. கிறிஸ்துமசுக்கு உன் வீட்டுக்கு வந்தால் உன் அம்மா சொந்தக்காரர்களையெல்லாம் விட்டுவிட்டு முதலில் எனக்கு இலை போடுவார். அதனால் என் ரம்பத்தை முடித்த கையோடு உன் ரம்பத்தையும் பார்த்தேன். கோடு தெரிந்த இடத்தில் சாக்பீஸால் பெரிதாக வட்டம் போட்டுக் கொடுப்பேன். வட்டத்தைப் பார்த்து நீ பஞ்ச் அடிப்பாய். ஆறு மாதமும் இப்படித்தான் ஓடியது.

கடைசிப் பரீட்சையிலும் அதைத்தான் செய்தோம். வாத்தியார் டீ குடிக்கப் போன நேரத்தில் உன் மேசைக்கு வந்து மூன்று இடத்தில் வட்டம் போட்டுவிட்டுத் திரும்பினேன். அவர் வந்து ரம்பத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, "பரவால்லயே, மூணையும் புடிச்சிட்டயே" என்று உன் முதுகில் தட்டினார். நீ என்னைப் பார்த்துக் கண்ணடித்தாய். நானும் சிரித்தேன். இன்றைக்கு நினைத்தால் அந்தச் சிரிப்பின் மேல்தான் எனக்குக் கோபம் வருகிறது.

எனக்கு மொரப்பூரில் ஸ்டேஷனை ஒட்டிய மில்லில் வேலை கிடைத்தது. உனக்குப் பாலக்கோட்டில், தக்காளிப் பெட்டிக்குப் பலகை அறுக்கும் மில். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் ரம்பங்களைச் சுருட்டிக் கயிறு கட்டி, பஸ் மேலே போட்டுக்கொண்டு என்னிடம் வந்துவிடுவாய். கண்டக்டர் கேட்டால் கட்டில் பட்டை என்பாய். நான் பார்த்து வட்டம் போட்டுக் கொடுக்க, மாலை பஸ்ஸில் திரும்பிப் போவாய். ஒரு வருடத்துக்கு மேல் இப்படி. உன்னை அங்கே மேஸ்திரி ஆக்கினார்கள். ரம்பத்தைத் தொட்டே கீறலைச் சொல்லிவிடுவார் என்று உனக்குப் பேர்.

ஒரு ஞாயிறு எனக்குப் பொறுக்கவில்லை. "சேலம் போயி கண்ணாடி வாங்கித் தொலைடா. இனிமே இந்தச் சுருள எடுத்துக்கிட்டு இங்க வராத" என்றேன்.

"வர்ற வாரம் போறன்டா. தக்காளி சீசனு, மொதலாளி நவுர உட மாட்டேங்கறாரு" என்றாய். வர்ற வாரம், வர்ற வாரம் என்று எத்தனை வாரம். முகம் கோணிக்கொண்டு போனவன் அப்புறம் வரவில்லை. சரி, கண்ணாடி வாங்கிவிட்டாய் போலிருக்கிறது என்று இருந்துவிட்டேன். எனக்கும் ஒரு தலைவலி விட்டது என்றுதான் நினைத்தேன், பொய் சொல்லவில்லை.

மூன்றாவது வாரம் ரம்பம் அறுந்தது. ஓடுகிற சக்கரத்திலிருந்து பிய்த்துக்கொண்டு வந்து, மரம் தள்ளிக்கொண்டிருந்த மாதுவின் வலது கையை மணிக்கட்டோடு கொண்டுபோய்விட்டது. சித்தேரி மலையிலிருந்து இறங்கி வேலைக்கு வந்த வாலிபர் அவர். கல்யாணமாகி ஒரு வருடம்கூட ஆகவில்லை.

விசாரணைக்கு அதிகாரி வருகிறார் என்றதும் முதல் நாளே என்னைத் தேடி வந்தாய். ரம்ப வேலை தெரிந்த வெளியாள் ஒருவரைக் கேட்பார்கள், அது நானாக இருக்கும்படி உன் முதலாளியிடம் சொல்லி ஏற்பாடு செய்துவிட்டுத்தான் வந்திருந்தாய். என் காலடியில் உட்கார்ந்தாய். "கீறல் இருந்துச்சின்னு நீ சொன்னா என் சர்டிபிகேட்டு போச்சு. தோண்டித் துருவுனா உன்னுதும் சேர்ந்து போவும்டா. எனக்கு அடுத்த மாசம் கல்யாணம்." அழுதாய். அழுதுகொண்டே மிரட்டவும் உனக்குத் தெரிந்திருந்தது.

அறுந்த முனையைக் கையில் வாங்கிப் பார்த்தேன். பயிற்சி எடுத்த எவனுக்கும் ஒரு நிமிடம் போதும். புதிதாக முறிந்த இரும்பு வெள்ளையாக மின்னும். பழைய கீறலுக்குள் துருவும் பிசினும் இறங்கி அந்த இடம் கறுத்திருக்கும். முக்கால் விரல் அகலத்துக்குக் கறுப்பு. அந்தக் கீறலோடுதான் மூன்று வாரமும் ஓடியிருக்கிறது, அதன் மேலேயேதான் நீ அரம் போட்டிருக்கிறாய். அதிகாரி, "என்னப்பா, சொல்லு" என்றார்.

"மரத்த வேகமாத் தள்ளிட்டாருங்க. அதான் தாங்காம ஒடஞ்சிருச்சு" என்றேன்.

எழுதிக்கொண்டார். மாது அப்போது ஆஸ்பத்திரியில் கிடந்தார். அவரைப் போய்க் கேட்டார்கள், வலி மயக்கத்தில், "ஆமாங்க, அவசரமாத்தான் தள்ளினேன்" என்றாராம். சீசனில் எல்லோரும் அவசரமாகத்தான் தள்ளுவார்கள். அதோடு முடிந்தது.

வெளியே வந்ததும், "சாகறவரைக்கும் உன்ன மறக்க மாட்டன்டா" என்றாய். பத்து நாள் கழித்துக் கண்ணாடி போட்டுக்கொண்டு வந்து நின்றாய், கறுப்பு பிரேம். ஒரு மனுஷனுக்குக் கை போன பிறகு உனக்குக் கண்ணாடி வந்தது. அதைப் பார்த்ததும் உன்னை அங்கேயே அறைந்திருக்க வேண்டும். உன் கல்யாணத்தில் பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு வந்தேன்.

அதற்குப் பிறகு நீ மொரப்பூர் பக்கமே தலைவைத்துப் படுக்கவில்லை. சந்தையில் பார்த்தால் தலையை ஆட்டிவிட்டுக் கூட்டத்தில் நுழைந்துவிடுவாய். உனக்கு நான் சிநேகிதன் இல்லை, சாட்சி. நானும் உன்னைத் தேடி வரவில்லை, இரண்டு பேரும் சேர்ந்து நின்றால் மாதுவும் நடுவில் வந்து நின்றுவிடுவார். ஒவ்வொரு ஈஸ்டருக்கும் சர்ச் சாமியாரிடம் பாவங்களைச் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் செய்வாயே, இதைச் சொன்னாயா? சொல்லியிருப்பாய். அவரும் மன்னித்திருப்பார். கையை இழந்தது அவரா?

உன் அடக்கத்துக்கு வந்திருந்தேன். கல்லறைத் தோட்டத்தில் ஒரு கிழவர் இடது கையால் மண்ணள்ளிப் போட்டுவிட்டு, துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டு என் பக்கத்தில் வந்து நின்றார். நான் யாரென்று அவருக்குத் தெரியவில்லை.

"நல்ல மனுசனுங்க மேஸ்திரி" என்றார் மாது. "நான் பண்ண அவசரத்துக்கு அவரு எத்தினி அலைஞ்சாரு. ஒரு வாட்டியாச்சும் ஏன்டா இப்பிடிப் பண்ணேன்னு கேட்டதில்லீங்க. வருசா வருசம் கிறிஸ்துமசுக்கு எனக்கு வேட்டி எடுத்துக் குடுப்பாரு. நான் தான் அவருகிட்ட மன்னிச்சுக்கங்கன்னு கேப்பேன். அதெல்லாம் பரவால்ல உடு மாதும்பாரு."

பரவால்ல உடு மாது. அவர் உன்னிடம் மன்னிப்புக் கேட்க, நீ பெரிய மனசு பண்ணி மன்னித்திருக்கிறாய், வருடா வருடம். நெஞ்சைத் தொட்டுச் சொல், எந்த மூஞ்சியை வைத்துக்கொண்டு அதைச் சொன்னாய்? நானும் என்ன கிழித்தேன், வாயைத் திறக்காமல் வீட்டுக்கு வந்து குளித்தேன்.

அப்புறம்தான் இந்தப் பொட்டலம் வந்தது. நான்கு நாள் அதை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, ஐந்தாம் நாள் காலை மஞ்சள் பையில் போட்டுக்கொண்டு அரூர் போய்ச் சித்தேரி பஸ் ஏறினேன். மாதுவின் வீட்டைக் கண்டுபிடிக்கச் சிரமப்படவில்லை, கையில்லாதவர் வீடு என்றால் சின்னப் பிள்ளைகளும் காட்டுகிறார்கள். அவர் மனைவி வாசலில் சாமை புடைத்துக்கொண்டிருந்தார். அடக்கத்தில் பார்த்த ஆள் என்று மாது பாய் எடுத்துப் போட்டார்.

நான் யாரென்று சொன்னேன். துண்டை எடுத்து அறுந்த முனையைக் காட்டினேன். கறுப்பு எது, வெள்ளை எது, அதற்கு என்ன அர்த்தம் என்று பயிற்சிக் கொட்டகையில் எங்களுக்குச் சொல்லித்தந்த மாதிரியே சொன்னேன். உன் கண், என் சாக்பீஸ் வட்டம், நான் அதிகாரியிடம் சொன்ன பொய், எதையும் விடவில்லை. மாது துண்டை வாங்கி மடியில் வைத்து, கறுத்த இடத்தைக் கட்டைவிரலால் தடவிக்கொண்டே இருந்தார்.

"அப்ப நான் தள்ளுனதால இல்லீங்களா?"

"இல்லீங்க. நீங்க மெதுவாத் தள்ளியிருந்தாலும் அது அறுந்திருக்கும்."

முறத்தின் சத்தம் நின்றுவிட்டதை அப்போதுதான் கவனித்தேன். அவர் மனைவி என்னைப் பார்க்கவில்லை, அவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். "அவசரத்துக்குப் பொறந்தவனே, அதான் கைய உட்டுட்டு வந்து நிக்கறன்னு கோவம் வந்தப்பல்லாம் திட்டுவேனுங்க" என்றார். "புள்ளைங்க முன்னால திட்டியிருக்கேன். மருமவன் முன்னால திட்டியிருக்கேன். ஒரு வார்த்த திருப்பிச் சொல்ல மாட்டாரு. ஆமா, என் தப்புதாம்பாரு." முந்தானையை வாயில் வைத்துக்கொண்டார்.

என்னை மன்னித்துவிடுங்கள் என்று கேட்கத்தான் போயிருந்தேன். அதைச் சொல்லிச் சொல்லித் தேய்ந்துபோனவரிடமே போய் எப்படிக் கேட்பது? மாது துண்டைத் துணியில் சுற்றி என்னிடமே நீட்டினார். "எங்க வூட்ல இது வேணாங்க. எடுத்துட்டுப் போயிடுங்க. பஸ்சு வர்ற நேரம்" என்றார். குரல் உயரவில்லை. ரோடு வரைக்கும் கூட வரவும் இல்லை.

வந்து அதை அலமாரி மேலே போட்டேன். ஒரு வாரத்தில் அறுந்த முனையின் ஓரத்தில் செம்பழுப்பாகத் துரு தட்டியது. நீ ஏன் விடாமல் துடைத்தாய் என்று அதைப் பார்த்ததும் விளங்கியது. துரு ஏறிவிட்டால் கறுப்பும் வெள்ளையும் ஒரே நிறமாகிவிடும், பழைய கீறல் எது என்று யாராலும் சொல்ல முடியாது. அழியவும் விடவில்லை, யாருக்கும் காட்டவும் இல்லை, இதற்கு எதற்கடா நாற்பது வருடம் துடைத்தாய்? உன் பாரத்தை இறக்கிவைக்க உலகத்தில் என்னை விட்டால் ஆள் கிடைக்கவில்லையா?

உன் பூசைக்கு நான் வரவில்லை. இன்று காலை தையல் மெஷின் எண்ணெயில் துணியை நனைத்து அந்தத் துண்டைத் துடைத்தேன். துரு போய்விட்டது. வெள்ளை இடம் வெள்ளையாகவும் கறுப்பு இடம் கறுப்பாகவும் தெரிகிறது. எனக்கும் இப்போது கண்ணாடி உண்டு, அது இல்லாமல் பேப்பர் படிக்க முடிவதில்லை. கழற்றி வைத்துவிட்டும் பார்த்தேன். அந்தக் கறுப்பு தெரிகிறது.