சத்தமில்லாத ஜிப்

மார்ச் 4
வெளியூரில் எங்கள் கடையின் புதுக் கிளை திறக்கிறார்கள். வருகிறவர்களின் முகத்தில் மேக்கப் போட்டுக் காட்ட என்னை அனுப்புகிறார்களாம். எல்லாரும் கைகொடுத்தார்கள், சிரித்து வைத்தேன். பிறகுதான் சொன்னார்கள், ஹோட்டலில் அறை இருவருக்கு ஒன்று. என்னோடு தங்கப் போவது சூப்பர்வைசர் மேடம்.

மார்ச் 5
இடது இமையில் ஒன்று. உதட்டோரத்தில் ஒன்று. தாடைக்குக் கீழே நீளமாய் ஒன்று. போன வருடம் மிளகு அளவுதான் இருந்தது. வெண்புள்ளி, தொற்றாது, உயிருக்கு ஒன்றுமில்லை என்றார் தோல் டாக்டர். அவருக்கென்ன, முகத்தைக் காட்டியா பிழைக்கிறார்? அழகுசாதனக் கவுண்டரில் நிற்பவள் நான். வீட்டிலேயே மேக்கப்பால் மூடிக்கொண்டுதான் கிளம்புகிறேன். அம்மாவுக்கும் அண்ணிக்கும் தவிர யாருக்கும் தெரியாது.
அங்கே எப்படி? மேடம் தூங்கிய பிறகு கழுவி, எழுவதற்குள் போட்டுக்கொண்டு... முடியுமா?

மார்ச் 6
அண்ணியோடு பை வாங்கப் போனேன். பழைய பைக்குள் எல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாய்க் கிடக்கும். ஒரு பிரஷ் எடுக்க எல்லாவற்றையும் கொட்ட வேண்டும். அவசரத்துக்கு ஆகாது.
கண்ணாடி வைத்த பெட்டி ஒன்று அழகாக இருந்தது. மூடினால் டக்கென்று சத்தம், மேடம் விழித்துவிடுவார். வேண்டாம். கடைசியில் கிடைத்தது, சுருட்டி வைக்கிற பை. விரித்துக் கொக்கியில் மாட்டினால் எல்லாம் ஒரே பார்வையில் தெரிகிறது. பிரஷ்களுக்குத் தனித்தனி உறை. கிரீம், திரவமெல்லாம் அடியில், கசிந்தாலும் மேலே ஏறாது. உள்பக்கத்தை ஈரத்துணியால் துடைத்துவிடலாம்.
அண்ணி ஜிப்பைக் காதருகே வைத்து மெதுவாக இழுத்துப் பார்த்தாள். "அக்கா, அது பை. ரேடியோ இல்ல," என்றார் கடைக்காரர். அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

மார்ச் 8
ஒத்திகை. குளியலறைக் கொக்கியில் பை, கதவுக்கு வெளியே அண்ணி. மேடம் குரலில் அவள் கதவைத் தட்டியதும் ஸ்பாஞ்ச் கைதவறி வாளிக்குள் விழுந்தது.
பேசாமல் மேடத்திடம் சொல்லிவிடேன் என்றாள். வேலை போனால் நீங்களா சோறு போடுவீங்க என்று கேட்டுவிட்டேன். முகம் வாடிப்போய் உள்ளே போய்விட்டாள். ஏன் இப்படிப் பேசினேன்?

மார்ச் 10
வந்து சேர்ந்தோம். மேடம் போர்வைக்குள் போனை வைத்துக்கொண்டு தூங்குவதாயில்லை. கழுவாமலே படுக்கிறேன். தாடை எரிகிறது.

மார்ச் 11
விடியும் நேரம், மேடம் தூக்கத்தில் இருந்தார். குளியலறையில் முகம் கழுவிவிட்டுப் பையை விரித்தேன். ஜிப் சத்தமே போடவில்லை. இமைப் புள்ளியை மட்டும்தான் மறைத்திருந்தேன், தீ அபாய மணி அலறியது. கதவை மேடம் இடிக்கிறார். வெளியே வா என்கிறார். புகை வாடை எனக்கும் வந்தது. ஒரு நிமிஷம் மேடம், ஒரு நிமிஷம் என்று சொல்லிக்கொண்டே உதட்டோரத்தில் பூசிக்கொண்டிருந்தேன். பூசப் பூச வழிந்தது. அவர் போகவில்லை. எனக்காக அந்தப் புகையில் நின்றார்.
துண்டால் முகத்தைப் போர்த்திக்கொண்டு வெளியே வந்தேன். படிக்கட்டில் கால் இடறியது. மேடம் துண்டைப் பிடுங்கி எறிந்தார்.
"படியப் பாத்து எறங்கு."
தெருவில் எல்லாரும் தூக்கக் கலக்கத்தில் நின்றார்கள். நான் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றேன். எங்கள் கடை ஆட்களை எண்ணிக்கொண்டு வந்த மேடம் என்னைத் திருப்பினார். பார்த்தார். நன்றாகவே பார்த்தார்.
"செருப்பு போடலயா நீ? கண்ணாடித் துண்டு கெடக்கு, தள்ளி நில்லு."
ஹோட்டல் சமையலறையில் ஏதோ கருகியதாம், அவ்வளவுதான். மத்தியானம் முழு மேக்கப்போடு கவுண்டரில் நின்று பத்துப் பேருக்குப் போட்டுக் காட்டினேன்.
என்ன பொம்பள நான்? மூஞ்சிக்காக சாகப் பாத்தேனா? அவங்களையும் சேத்து?

மார்ச் 12
மேடம் எதுவும் கேட்கவில்லை. அதுதான் பயமாக இருக்கிறது.

மார்ச் 14
ஊர் திரும்பிய பிறகு இன்றுதான் கூப்பிட்டார். ஸ்டாக் அறையில், அட்டைப்பெட்டிகளுக்கு நடுவே. எவ்வளவு நாளாக என்றார், சொன்னேன். வேலை போயிடுமா மேடம் என்று கேட்டேன்.
"தெரியல. மொதலாளிகிட்ட நான் மறைக்க மாட்டேன். நீயே சொல்லு, நான் கூட வரேன்."
யோசிக்கிறேன் என்றேன். இனி யோசிக்க என்ன இருக்கிறது?
அண்ணியிடம் மன்னிப்புக் கேட்டேன். அது அப்பவே மறந்துபோச்சு என்றாள். மறக்கவில்லை, தெரியும்.

மார்ச் 17
சொல்லிவிட்டேன். முதலாளி மேசையைப் பார்த்தபடியே கேட்டார். கடை விளம்பரப் படங்களில் இதுவரை நின்ற எனக்குப் பதில் வேறு பெண்ணை வைத்துக்கொள்வார்களாம். கவுண்டரில் நான் இருக்கலாமாம், "வாடிக்கையாளர் யாரும் குறை சொல்லாதவரை." வெளியே வந்ததும் மேடம் ஒரு டம்ளர் தண்ணீர் கொடுத்தார். யாராவது குறை சொன்னால்?

மார்ச் 26
உதட்டோரப் புள்ளியை மூடாமல் போனேன். அது ஒன்றை மட்டும். காலை முழுக்கக் கை உதட்டோரத்துக்கே போனது. ஒரு அம்மா உற்றுப் பார்த்துவிட்டு, சுட்டுக்கொண்டாயா என்று கேட்டார். வெண்புள்ளிம்மா என்றேன், குரல் எனக்கே கேட்கவில்லை. அப்படியா என்றவர் கையை நீட்டி, அந்த மூன்றாவது சிவப்பு லிப்ஸ்டிக்கை எடுத்துக் காட்டச் சொன்னார்.