கதவில் வைத்த ஸ்பீக்கர்

நானா,

இன்று காலை என் மருமகன் ஒரு பழைய காரை வாங்கிக்கொண்டு வந்து வாசலில் நிறுத்தினார். நம் காலத்துக் கார்தான். கதவைத் திறந்து உள்ளே தலையை நீட்டினேன். பழைய ரெக்சின் சீட்டும் பெற்றோலும் கலந்த அதே வாசனை. "மாமா, இதுக்கு ஸ்டீரியோ போடணும். ஸ்பீக்கரக் கதவுல வைக்கவா, பின்னால வைக்கவா? காரோட்டுன ஆளு நீங்கதானே, சொல்லுங்க" என்று கதவைத் தட்டிக் காட்டினார். "பின்னால" என்று சொல்லிவிட்டு வீட்டுக்குள் வந்து உட்கார்ந்துவிட்டேன். டீ கொண்டுவந்த மகள், "என்னப்பா, பேயக் கண்ட மாதிரி முழிக்கிறீங்க?" என்றாள்.

பேய் இல்லை. பசறை ரோட்டைக் கண்டேன்.

பதுளை பஜாரில் நீங்கள் ரேடியோ திருத்தும் கடை வைத்திருந்தீர்கள். என்னைவிட இரண்டு வயதுதான் மூப்பு. ஆனாலும் பஜாரே அண்ணன் முறையில் நானா என்று கூப்பிட்டதால் நானும் அப்படியே கூப்பிட்டேன். நீங்கள் என்னை 'டிரைவர்' என்பீர்கள். அதில் பாதி மரியாதை, பாதி கேலி. சீமைக்குத் திரும்பிய தோட்டத்துத் துரை ஒருவர் விற்றுவிட்டுப் போன கறுப்புக் காரை வைத்துக்கொண்டு நான் வாடகைக்கு ஹயர் ஓடினேன். ஹயர் கிடைக்கும்வரை உங்கள் கடை வாசலில்தான் கார் நிற்கும். உள்ளே ஈயம் பற்றவைக்கிற புகைக்கு நடுவில் நாம் இரண்டு பேரும் ஊர் வம்பு பேசுவோம்.

எழுபதுகளின் கடைசி அது. கசெட் வந்து எல்லாரையும் கெடுத்திருந்தது. கல்யாண ஹயர் பேச வருகிறவர்கள் காரைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "பாட்டு இருக்கா?" என்றுதான் கேட்டார்கள். பிரேக் இருக்கா என்று ஒருவராவது கேட்டதில்லை. பாட்டுப் போடும் கார்க்காரர்களுக்கே எல்லாக் கல்யாணங்களும் போயின. கடைசியில் நானும் ஒரு கசெட் பிளேயரையும் இரண்டு ஸ்பீக்கர்களையும் வாங்கிக்கொண்டு உங்களிடம் வந்து நின்றேன்.

நீங்கள் உடனே வெட்டுகிற ஆளா? "தகரத்த வெட்டினா ஒட்ட ஏலா, டிரைவர். மொதல்ல கட்டிப் பாப்பம்" என்றீர்கள். இடுப்பில் கட்டும் பழைய சாரத்தைக் கிழித்து ஸ்பீக்கர்களைக் கட்டினீர்கள். முதல் நாள் டாஷ்போர்டுக்கு அடியில். கியர் மாற்றும்போதெல்லாம் என் முழங்கால் இடித்தது. இரண்டாம் நாள் கதவுகளில். மூன்றாம் நாள் பின் சீட்டுக்கு மேலே, கண்ணாடியை ஒட்டிய பலகையில். மூன்று நாளும் வயர் தொங்கத் தொங்கப் பசறை ரோட்டில் போய்வந்தோம். சந்தையில் நின்றவர்கள் "என்ன நானா, காருக்குக் காயமா?" என்று கேட்டுச் சிரித்தார்கள்.

வளைந்து வளைந்து போகும் அந்த மலை ரோட்டில் கண்ணை நம்பி யார் ஓட்டினார்கள்? ஒவ்வொரு முடக்கிலும் ஹோன் அடித்துவிட்டு, கண்ணாடியை இறக்கி, எதிர்ப்பக்கமிருந்து பதில் ஹோன் வருகிறதா என்று காது கொடுக்க வேண்டும். பதில் வந்தால் ஒதுங்கி நிற்க வேண்டும். வராவிட்டால் திரும்பலாம். பனி மூடிய நாளில் நமக்குக் காதுதான் கண். மூன்று நாளும் ஒவ்வொரு முடக்கிலும் நீங்கள் என் காதைத்தான் சோதித்தீர்கள். "இப்ப பஸ் ஹோன் கேட்டிச்சா?" பலகையில் வைத்தபோது கேட்டது. கதவில் வைத்தபோது கேட்கவில்லை.

"பின்னாலயே வைப்பம். பாட்டு பொம்புளயளுக்கு, காது உங்களுக்கு" என்றீர்கள். நான் கேட்டேனா? ஆசை கண்ணை மறைத்தது. போட்டிக்காரனின் காரில் கதவுகளில்தான் ஸ்பீக்கர், சுற்றிலும் பளபளவென்று வெள்ளி வளையம். கதவைத் திறந்துவிட்டால் கல்யாண வீடு முழுக்கப் பாட்டுக் கேட்கும். எனக்கும் அதேதான் வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தேன். "உங்க கார், உங்க காது" என்று சொல்லிவிட்டு நீங்கள் கதவுத் தகரத்தை வெட்டினீர்கள். ஸ்பீக்கரின் காந்தம் தடுத்ததில் என் பக்கத்துக் கண்ணாடி பாதிக்கு மேல் இறங்கவில்லை. "குளிருக்கு அது போதும் நானா" என்று இளித்தேன்.

முதல் கல்யாண ஹயர். பசறைக்கு மேலே ஒரு தோட்டத்திலிருந்து பொண்ணையும் அவள் அம்மாவையும் பதுளைக் கோயிலுக்குக் கூட்டிவர வேண்டும். சத்தம் எப்படி என்று பார்க்க நீங்களும் முன் சீட்டில் ஏறிக்கொண்டீர்கள். காலை ஒன்பது மணிக்கும் ரோடு தெரியாத பனி. ஏற்றிக்கொண்டு திரும்பி வரும்போது பொண்ணு "பாட்ட இன்னும் கொஞ்சம் கூட்டுங்கண்ணே" என்றாள். கூட்டினேன். ஒரு முடக்கில் ஹோன் அடித்தேன். காது கொடுத்தேன். பாட்டுத்தான் கேட்டது. பதில் இல்லை என்று நினைத்துத் திரும்பினேன்.

பஸ் முகத்துக்கு நேரே நின்றது. பதில் ஹோன் இரண்டு முறை அடித்ததாகப் பிறகு அந்த பஸ் டிரைவர் சத்தியம் பண்ணினார். நான் இடப்பக்கம் ஒடித்தேன். அது பள்ளத்துப் பக்கம். முன் சக்கரம் ரோட்டை விட்டு இறங்கி வெறும் காற்றில் நின்றது. கீழே தேயிலை மலை இருக்கிறது என்று எனக்குத் தெரியும். ஆனால் தெரிந்ததெல்லாம் வெள்ளைப் பனிதான். என் கால் பிரேக்கில். ஹேண்ட் பிரேக் பேருக்கு மட்டும்தான் இருக்கிறது என்பது உங்களுக்கும் தெரியும். கார் முனகியது. பின்னால் பொண்ணின் அம்மா "முருகா, முருகா" என்று கதறினார். கதவில் பாட்டு பாடிக்கொண்டேயிருந்தது. நீங்கள் என்னைப் பார்த்து ஏதோ சொன்னீர்கள்.

நான் கதவைத் திறந்து குதித்துவிட்டேன்.

என் பாரம் போனதும் கார் உங்கள் பக்கம் சாய்ந்து ஒரு முழம் நகர்ந்தது. நீங்கள் இரண்டு கையாலும் ஹேண்ட் பிரேக்கைப் பிடித்து இழுத்துக்கொண்டு, "பின்னால உள்ளவங்க அசையாதீங்க, உம்மா, அசையாதீங்க" என்று சொன்னது ரோட்டில் நின்ற எனக்குக் கேட்டது. ஓடிப்போய்ப் பிடிக்க வேண்டும் என்று புத்தி சொல்கிறது, கால் கேட்கவில்லை. பஸ் கண்டக்டரும் ஆட்களும்தான் ஓடிவந்து பின் பம்பரில் ஏறி உட்கார்ந்தார்கள், சக்கரத்துக்குக் கல் வைத்தார்கள், பெண்களை இழுத்தெடுத்தார்கள். கடைசியாக நீங்கள் என் சீட்டு வழியாக ஊர்ந்து வெளியே வந்தீர்கள். கைகள் இரண்டும் விறைத்து, பிரேக்கைப் பிடித்தபடியே மடங்கியிருந்தன.

"பொம்பளைங்கள விட்டுட்டுக் குதிச்சிட்டானே, இவனெல்லாம் ஒரு டிரைவரா!" என்று பஸ்ஸிலிருந்து ஒருவர் கத்தினார். அடிக்கவே வந்தார்கள். நீங்கள் குறுக்கே வந்து நின்று மூச்சு வாங்கியபடியே சொன்னீர்கள்:

"சும்மா ஈங்க. நாந்தான் குதிக்கச் சொன்னேன். சக்கரத்துக்குக் கல்லு வைக்க."

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். நான் குனிந்து ஒரு கல்லை எடுத்தேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தோம், நீங்களும் நானும். பொண்ணின் அம்மா என்னைக் கையெடுத்துக் கும்பிட்டார். அந்த பஸ்ஸையே பதுளைக்குத் திருப்பிக் கொண்டுபோனார்கள், கல்யாணம் நல்லபடியாக முடிந்தது.

அடுத்த வாரம் நீங்களாகவே ஸ்பீக்கர்களைக் கழற்றிப் பின் பலகையில் வைத்தீர்கள். கதவு ஓட்டைகளைத் தகரம் வைத்து மூடினீர்கள். அன்றைக்கு நடந்ததைப் பற்றி ஒரு சொல் இல்லை. அதற்குப் பிறகும் ஆறேழு வருடம் ஒரே ஸ்டூலில் டீ குடித்தோம். என்றைக்காவது கேட்டுவிடுவீர்களோ என்ற பயத்தில் நான் தினம் செத்தேன். நீங்கள் கேட்கவேயில்லை. நான் மன்னிப்பும் கேட்கவில்லை. கேட்டால், நடந்தது நடந்ததாகிவிடும் அல்லவா?

நீங்கள் இறந்த அன்று உங்கள் மையத்து வீட்டுக்கு வந்தேன். உங்கள் மகன் என் கையைப் பிடித்து, அத்தனை பேருக்கும் நடுவில், "வாப்பா எப்பவும் சொல்வார் மாமா, நான் சொன்ன ஒடனே யோசிக்காமக் குதிச்ச மனுசன் என்று" என்றார். நான் "ஆமா தம்பி" என்றேன். உங்களைக் கிடத்தியிருந்த அறையின் வாசலில் நின்றுகொண்டு அப்படிச் சொன்னேன். வெட்கங்கெட்டவன்.

அதனால்தான் இதை எழுதுகிறேன். நாளை உங்கள் மகனிடம் இந்தக் கடிதத்தைக் கொடுக்கப்போகிறேன். இப்போதே பயமாகத்தான் இருக்கிறது. பசறை ரோட்டின் பயம் அரை நாளில் தீர்ந்தது. இந்தப் பயம் என்னோடே கிழடாகியிருக்கிறது. பாட்டுச் சத்தத்தில் எனக்கு எதுவும் விளங்கியிருக்காது என்று நீங்கள் நினைத்திருக்கலாம். அப்படி நினைத்துத்தான் அந்தப் பொய்யைச் சொன்னீர்களோ என்னவோ. இல்லை, நானா. பஸ் ஹோன்தான் எனக்குக் கேட்கவில்லை. பிரேக்கில் என் கால் இருந்தபோது நீங்கள் என்னைப் பார்த்து, "டிரைவர், என்ன விட்டுட்டுப் போகாதீங்க" என்று சொன்னது தெளிவாகக் கேட்டது. கேட்டுவிட்டுத்தான் குதித்தேன்.