குளிக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போன குமார்

அன்புள்ள மச்சான்,

உங்கள் மகன் குமாருக்கு, உங்களைக் கொண்டுபோன அதே காய்ச்சல் வந்தது. பிழைத்துவிட்டான்! ஓடிவந்து சொல்ல வேண்டிய செய்தி. நீங்கள் இருக்கும் இடத்துக்கு என் லொறி போகாது. அதனால் பத்திரிகையில் எழுதுகிறேன். ஏலக்காய் உலர்த்தும் வாடிக் கொட்டில்களில் படுக்கிற மற்றவர்களும் படிக்கட்டும்.

லக்கல மலையில் நீங்கள் ஏலக்காய் உலர்த்திய அந்த மண்சுவர் வாடியில்தான் அவனும் அடுப்புக்குக் காவலாகப் படுத்தான். காய்ச்சல் வந்தது, விட்டது. நன்றாகத் தின்றான். சில நாளில் மறுபடியும் நடுக்கம். உங்களுக்கும் இப்படித்தானே வந்து வந்து போனது?

அக்கா ஆரம்பித்தாள். "காய்ச்சல் இறங்கட்டும் தம்பி. குளிக்க வச்சு, வெள்ளச் சட்ட போட்டுக் கூட்டிட்டுப் போவோம். ஆஸ்பத்திரியில நாலு பேரு பாப்பாங்க."

"அவன் என்ன, பொண்ணு பாக்கவா போறான்? ஏறுக்கா லொறியில!"

சோதனைச் சாவடியில், நான் வாங்கி ஏற்றியிருந்த ஏலக்காய் மூட்டைகளை இறக்கச் சொன்னார்கள். ஒரு சிப்பாய் குமாரின் நெற்றியைத் தொட்டான். சட்டென்று கையை இழுத்துக்கொண்டு, "யன்ன, யன்ன" என்று எங்களைப் போகச் சொல்லிவிட்டான்.

மாத்தளையில் விரலில் குத்தி இரத்தம் எடுத்தார்கள். மலேரியா என்றுதான் நானும் நினைத்தேன். டாக்டரம்மா நுண்ணோக்கிக் கண்ணாடியில் பார்த்தவர் என்னையும் கூப்பிட்டுக் காட்டினார். இரத்தத்துக்கு நடுவே சுருள் சுருளாக நூல் துண்டுகள், மச்சான்! அதுதான் கிருமியாம். எலி வளைகளிலும் சுவர் வெடிப்புகளிலும் இருக்கும் ஒருவகை உண்ணி, தூங்குகிறவனை வலிக்காமல் கடித்துவிட்டு விடியுமுன் ஒளிந்துகொள்ளுமாம். விட்டுவிட்டு வருகிற காய்ச்சல். இந்தப் பக்கம் காண்பது அபூர்வமாம்.

"நல்ல வேளை, காய்ச்சலோட கொண்டு வந்தீங்க," என்றார். "காய்ச்சல் விட்ட நாளில் பார்த்தால் கிருமி கண்ணில் படாமலே போகலாம்."

நீங்கள் ஒவ்வொரு முறையும் காய்ச்சல் விட்ட பிறகுதானே, குளித்து, திருநீறு பூசி, பஸ் ஏறினீர்கள்? 'ஒன்றுமில்லை' என்றுதானே அனுப்பினார்கள்? உங்களுக்கும் இதுதான் என்று டாக்டரம்மா உறுதியாகச் சொல்லவில்லை. எனக்குச் சந்தேகமே இல்லை.

முதல் மாத்திரை போனதும் நடுக்கம் கூடும் என்று முன்பே எச்சரித்திருந்தார். கூடியது. "மருந்தே கொல்லுதே!" என்று அக்கா வார்டையே கூட்டிவிட்டாள். மறுநாள் காலையில் உங்கள் மகன் கண்ணைத் திறந்து, "ரொட்டியும் கட்டச் சம்பலும் இருக்கா?" என்றான். அக்கா அழுதாள், சிரித்தாள், பிறகு அவனைத் திட்டினாள்: "சீப்பையாவது எடுடா, மூஞ்சியப் பாரு!"

அங்கிருந்து நேரே வாடியின் சொந்தக்காரர் பண்டாவிடம் போய், அதை இடித்துப் புதிதாகக் கட்டச் சொன்னேன்.

"மொதலாளி ஏலக்காய் வாங்க வந்தீங்களா, வாடி கட்ட வந்தீங்களா?"

"ரெண்டுக்குந்தான். இல்லாட்டி ஒங்க காய வேற யாருக்காச்சும் குடுங்க."

முறைத்தார். பிறகு தேத்தண்ணீர் ஊற்றினார். இனி அந்தத் தரையில் யாரையும் படுக்கவிட மாட்டேன், மச்சான். இது என் வாக்கு. பேசி முடித்தது இதுதான்: பழைய வாடியை இடிப்பது, சிமெந்துத் தரை போடுவது, காவலுக்குப் படுப்பவனுக்குச் சுவரை ஒட்டாத கட்டில். சிமெந்து என் லொறியில் வரும், கூலி அவருடையது. அது முடியும்வரை அடுப்பும் வேண்டாம், காவலும் வேண்டாம்; உலர்த்தாத பச்சைக் காயாகவே, பகலில் மட்டும், நானே வந்து ஏற்றுவேன்.

உங்கள் மச்சினன்,
குமாரின் தாய்மாமன்
சண்முகம், மாத்தளை